பேட்டுக்குப் பல பெயர் இருக்கட்டும். ரப்பரைப் பிரித்துச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் டேபிள் டென்னிஸ் செய்திகள் முன்பைவிட அடிக்கடி வருவது என்னைப் போன்ற பழைய மன்ற ஆட்டக்காரர்களுக்கு மகிழ்ச்சி தருகிறது. அச்செய்திகளில் ஒரு நாள் ‘மட்டை’ என்றும், மறுநாள் ‘பேட்’ என்றும், வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களிடமிருந்து எடுத்துப் போடும்போது ‘ராக்கெட்’ என்றும் மாறி மாறி எழுதப்படுவதைக் குறை கூறி, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை நிலைநிறுத்த வேண்டும் என்று வாசகர் ஒருவர் அண்மையில் எழுதியிருந்தார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் திருத்தம் வேண்டிய இடம் அதுவன்று என்பது என் கருத்து. கையில் பிடிக்கும் பொருளுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருப்பதால் எவருக்கும் நட்டமில்லை. அந்தப் பொருளின் உள்ளே இருக்கும் மரத்தையும் அதன் மேல் ஒட்டியிருக்கும் ரப்பரையும் பிரித்துச் சொல்லாமல் விடும்போதுதான் ஆட்டம் என்ன ஆயிற்று என்பதே வாசகருக்குப் புரியாமல் போகிறது; புதிதாக ஆட வரும் பிள்ளைகளின் பெற்றோருக்குக் கைக்காசும் வீணாகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்லத் தங்கள் பக்கத்தில் இடம் வேண்டுகிறேன்.

முதலில் வெளிப்பெயரைப் பார்த்துவிடலாம். 1926இல் தொடங்கப்பட்ட சர்வதேச டேபிள் டென்னிஸ் கூட்டமைப்பின் ஆங்கில விதிப்புத்தகம் இதனை ‘ராக்கெட்’ என்றே குறிப்பிடுகிறது. ஆட்டம் பிறந்த இங்கிலாந்திலோ, மன்றத்துக்குள் நுழைந்து ராக்கெட் என்று சொல்பவர் அரிது. அவர்களுக்கு அது ‘பேட்’. அமெரிக்காவில் பொதுமக்களுக்கு அது ‘பேடில்’. ஸ்பெயினில் ‘பாலா’ என்பார்கள். மண்வாரிக்கும் அங்கே அதே சொல்தான். அர்ஜென்டினாவில் ‘பலேட்டா’. ஜெர்மானியர் ‘ஷ்லேகர்’, அதாவது அடிக்கும் கருவி என்று நேரடியாகச் சொல்லிவிடுகிறார்கள். நெதர்லாந்துக்காரர்கள் ஆங்கில பேட்டையே எடுத்துக்கொண்டு, செல்லமாகச் சிறுமைப்படுத்தி ‘பட்ஜே’ ஆக்கிக்கொண்டார்கள். நாம் ஆங்கிலேயர் வழியாக ஆட்டத்தைப் பெற்றதால் நமக்கும் கிரிக்கெட்டில் உள்ள ‘பேட்’தான் இங்கேயும் வந்து நின்றது, எழுத்தில் அது ‘மட்டை’ ஆனது. இலங்கைத் தமிழில் கிரிக்கெட் மட்டை ‘துடுப்பு’, ஆட்டமே ‘துடுப்பாட்டம்’. அங்கிருந்து வரும் ஒருவர் டேபிள் டென்னிஸ் மட்டையையும் துடுப்பு என்று சொன்னால் நாம் வியக்க வேண்டியதில்லை. அமெரிக்கர் சொல்லும் பேடிலும் படகுத் துடுப்பின் பெயர்தானே.

ஒரே பொருளுக்குப் பல பெயர் இருப்பதைவிட, ஒரே பெயர் இரண்டு பொருளைக் குறிப்பதுதான் தொல்லை. தமிழிலேயே அதற்கு நல்ல சான்று உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ‘பூப்பந்து’ என்றால் கம்பளி நூல் சுற்றிய பந்தை ஐந்து ஐந்து பேராக நின்று ஆடும் பால் பேட்மின்டன். இறகு வைத்து ஆடுவது ‘இறகுப்பந்து’. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் ‘பூப்பந்து’ என்றால் இறகு வைத்து ஆடுவதுதான். சிங்கப்பூர்த் தமிழ்ச் செய்தியை அப்படியே எடுத்து இங்கே அச்சிட்டால் தஞ்சாவூர் வாசகர் வேறு ஆட்டத்தை நினைத்துக்கொண்டு படிப்பார். நல்வாய்ப்பாக, ‘மேசைப்பந்து’ என்ற சொல் எங்கும் ஒன்றையே குறிக்கிறது. சீன மொழி பேசுவோருக்கு இந்த வாய்ப்பும் இல்லை. பெருநிலச் சீனத்தில் இந்த ஆட்டம் ‘பிங்பாங் சியூ’. தைவானில் ‘ஜுவோ சியூ’, அதாவது மேசைப்பந்து. ஆனால் அதே எழுத்துகளை ஹாங்காங்கில் படித்தால் பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கர் வகை ஆட்டம் என்றே பொருள் கொள்வார்கள்.

ஆட்டத்தின் பெயர் இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம் வணிகம். ‘பிங்-பாங்’ என்பதை 1900ஆம் ஆண்டையொட்டி லண்டனின் ஜாக்ஸ் நிறுவனம் வணிகச் சின்னமாகப் பதிவு செய்துகொண்டது. அமெரிக்க உரிமை பார்க்கர் சகோதரர்கள் நிறுவனத்திடம் சென்றது. ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான பெயரை வைத்துக்கொண்டு சங்கம் நடத்த முடியாது என்பதால்தான் சங்கங்கள் டேபிள் டென்னிஸ் என்ற பெயரை எடுத்துக்கொண்டன. பிற்காலத்தில் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸில் ‘உலக பிங் பாங் சாம்பியன்ஷிப்’ என்று ஒரு போட்டி நடந்தபோது, எல்லோருக்கும் உப்புத்தாள் ஒட்டிய பேட்டையே கொடுத்து ஆட வைத்தார்கள். ஆகவே, செய்தி முகமைகள் ‘பிங் பாங்’ என்று அனுப்பும்போது அது எந்த ஆட்டம் என்று ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

இனி உள்ளே வருகிறேன். முறையாக ஆடுபவர் எவரும் முழு பேட்டாக வாங்குவதில்லை. மரத்தைத் தனியாகவும் இரண்டு பக்கத்துக்குமான ரப்பரைத் தனித்தனியாகவும் வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் ‘பிளேடு’. ஜெர்மனியிலும் பிரான்சிலும் தயக்கமின்றி மரம் என்றே சொல்கிறார்கள்: ஜெர்மனியில் ‘ஹோல்ட்ஸ்’, பிரான்சில் ‘புவா’. சுவீடனில் ‘ஸ்டொம்மே’, சட்டகம். சீனத்தில் ‘டீபான்’, அடிப்பலகை. இந்தியாவில் நாம் ‘ப்ளை’ என்கிறோம். கடைப் பட்டியல்களில் ‘ப்ளைவுட்’ என்றும் அச்சிடுகிறார்கள். ஜப்பானில் மட்டும் ரப்பர் ஒட்டாத வெறும் மரத்துக்கே ‘ராக்கெட்’ என்று பெயர். ரப்பரோடு வேண்டும் என்றால் ‘ரப்பர் ஒட்டிய ராக்கெட்’ என்று தனியாகக் கேட்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் காசு போகிறது. எங்கள் மன்றத்துக்கு மகனை அழைத்து வரும் தந்தை ஒருவர், ஜப்பான் நிறுவனம் ஒன்றின் ‘ராக்கெட்’டை இணையத்தில் படம் பார்த்து, விலை பார்த்து, மலிவு என்று மகிழ்ந்து வரவழைத்தார். படத்தில் சிவப்பு ரப்பர் தெரிந்தது. பெட்டியில் வெறும் மரம் வந்தது. விற்றவர் ஏமாற்றவில்லை, அவர்கள் ஊர் வழக்கில் அவர் விற்றது ராக்கெட்தான். நம் ஊர்ச் சொல்லும் குழப்பத்தில் குறைந்ததன்று. மரத்தை ப்ளை என்று நாம் சொல்ல, உலகம் முழுவதும் ‘ப்ளை’ என்பது அந்த மரத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டப்பட்ட ஒவ்வோர் அடுக்கையும் குறிக்கிறது. ஐந்தடுக்கு மரம், ஏழடுக்கு மரம் என்பவையே பெரும்பாலானவை. பேனாவைப் பிடிப்பதுபோல் பிடித்து ஆடும் ஜப்பானின் பழைய பேனாப்பிடி மரங்களில் ஹினோகி என்னும் மரத்தின் ஒரே பலகையால் ஆனவையும் உண்டு. இதனால் ‘ஃபைவ் ப்ளை ப்ளை’ என்று கேட்கும் விசித்திரம் நம் கடைகளில் நடக்கிறது. கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் புரிகிறது. பக்கத்தில் நிற்கும் புதியவருக்கு ஐந்து மரமா, ஒரு மரமா என்று தெரிவதில்லை. தங்கள் செய்திகளில் ‘மரம்’ என்று எழுதினால் எவரும் பிழையாகப் புரிந்துகொள்ள வழியில்லை. விதியும் அதற்குத் துணை நிற்கிறது: இந்தப் பலகையின் தடிமனில் குறைந்தது 85 விழுக்காடு இயற்கை மரமாக இருக்க வேண்டும், கார்பன் போன்ற இழைகளைச் சேர்க்கலாம், ஆனால் ஒரு இழையடுக்கு மொத்தத் தடிமனில் 7.5 விழுக்காட்டையோ 0.35 மில்லிமீட்டரையோ, இரண்டில் எது குறைவோ அதனைத் தாண்டக் கூடாது. ‘கார்பன் பேட்’ என்று விளம்பரத்தில் வருவதும் பெரும்பகுதி மரமே.

பிடியைப் பற்றியும் ஒரு சொல். சீனத்தில் பேனாப் பிடிக்கு ‘ஜிபாய்’, கைகுலுக்கும் பிடிக்கு ‘ஹெங்பாய்’. நேர்மட்டை, குறுக்குமட்டை என்பது சொற்பொருள். ஐரோப்பாவிலோ நேரான கைப்பிடி என்பது கைகுலுக்கும் பிடிக்கான மரங்களில், அடியில் விரியாமல் ஒரே அகலத்தில் இறங்கும் ஒரு வகை மட்டுமே. சீன இணையக் கடையில் இயந்திர மொழிபெயர்ப்பை நம்பி ‘நேர்’ என்று தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பேனாப்பிடியின் குட்டைக் கைப்பிடி வந்து சேர்கிறது. கைகுலுக்கிப் பிடிப்பவருக்கு அது எதற்கும் உதவாது.

இவையெல்லாம் சில்லறைத் தொல்லைகள். ரப்பர்தான் தலையாயது.

விதிப்புத்தகம் இரண்டே வகை ரப்பரை ஏற்கிறது. ஒன்று, சாதாரண குமிழ் ரப்பர்: ஒரே அடுக்கு ரப்பர், அதன் பரப்பில் சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக்குக் குறையாமலும் முப்பதுக்கு மிகாமலும் குமிழ்கள், பசையோடு சேர்த்து இரண்டு மில்லிமீட்டருக்குள். மற்றொன்று சாண்ட்விச் ரப்பர்: அடியில் ஸ்பாஞ்ச், அதற்கு மேல் அதே குமிழ் ரப்பர், இதில் குமிழ்கள் வெளியே பார்க்கலாம், உள்ளே ஸ்பாஞ்சை நோக்கியும் இருக்கலாம், பசையோடு சேர்த்து நான்கு மில்லிமீட்டருக்குள். இதிலிருந்து ஒன்று விளங்கும். தொலைக்காட்சியில் வழவழப்பாகத் தெரியும் ரப்பருக்கும் குமிழ் உண்டு. அதைத் திருப்பி உள்ளே வைத்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே ‘குமிழ் உள்ள ரப்பர்’ என்று மட்டும் எழுதினால் அது எல்லா ரப்பரையும் குறிக்கும்.

ஒவ்வொரு நாட்டின் பெயரிடலும் இந்தத் திருப்பலை வேறு வேறு கோணத்தில் பார்க்கிறது. ஜப்பானியருக்குக் குமிழ் வெளியே தெரிவது ‘ஒமோத்தே’, முன்பக்கம். வழவழப்பானது ‘உரா’, பின்பக்கம். சீனரும் அப்படியே: குமிழ் வெளியே இருப்பது ‘ஜெங்ஜியாவ்’, முறையான ரப்பர், மற்றது ‘ஃபான்ஜியாவ்’, திருப்பிய ரப்பர். இன்று உலகின் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் இரண்டு பக்கமும் வழவழப்பான ரப்பரே ஒட்டுகிறார்கள் என்றாலும், அதன் பெயர் மட்டும் இன்றும் ‘திருப்பியது’ என்றே நிற்கிறது. குமிழ் ரப்பர்தான் முதலில் வந்தது என்ற வரலாற்றை அந்தப் பெயர்கள் வைத்திருக்கின்றன. பிரெஞ்சு மன்றங்களில் வழவழப்பானதை ஆங்கிலத்திலிருந்து கடன் வாங்கிய ‘பேக்சைடு’ என்ற சொல்லால் குறிக்கிறார்கள். ஆங்கிலேயர் எவரும் ரப்பரை அப்படிச் சொல்வதில்லை. ஜெர்மானியர் வழக்கம்போல் ‘குமிழ் உள்ளே’, ‘குமிழ் வெளியே’ என்று நேராகச் சொல்கிறார்கள். குமிழைப் பிரிட்டனில் ‘பிம்பிள்’ என்பார்கள், அமெரிக்காவில் ‘பிப்ஸ்’. நமக்கு ‘பிம்பிள்ஸ்’.

நம் வழக்கில் உள்ள குறை இதுதான்: நாம் ‘பிம்பிள்ஸ்’ என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறோம். குட்டைக் குமிழ் ரப்பர் விரைவாகத் தட்டி ஆடுவதற்கானது. மேசைக்கு அருகில் நின்று, எதிராளியின் சுழற்சியைப் பெரிதும் பொருட்படுத்தாமல் அடிப்பவருக்கு அது ஏற்றது. நீளக் குமிழ் ரப்பரின் இயல்பே வேறு. பந்து படும்போது குமிழ்கள் மடங்கி, எதிராளி கொடுத்த சுழற்சியை நிறுத்தாமல் தொடரவிட்டு அவருக்கே திருப்பி அனுப்புகின்றன. அவர் மேற்சுழற்சி கொடுத்து அடித்தால் அவரிடம் கீழ்ச்சுழற்சியாகத் திரும்பி வரும். மூன்றாவது ஆன்ட்டி. பார்வைக்கு வழவழப்பான ரப்பரைப் போலவே இருக்கும்; குமிழ் வெளியே தெரியாது; ஆனால் மேற்பரப்பில் பிடிப்பே இல்லாததால் பந்து வழுக்கிக்கொண்டு போகும். ஆன்ட்டி வைத்திருப்பவரையும் பிம்பிள்ஸ் ஆட்டக்காரர் என்று சேர்த்துச் சொல்லிவிடும் பழக்கம் நம் மன்றங்களில் பரவலாக இருக்கிறது. ஜப்பானியர் நீளக் குமிழை ‘ட்சுபுதகா’, உயரக் குமிழ் என்று தனியாகப் பிரிக்கிறார்கள். சீனரிடம் ஆன்ட்டிக்கு ‘ஃபாங்ஹூ’ என்று வேறு சொல்லே இருக்கிறது. பெரிய ஆட்டக்காரர்களை வளர்த்த மொழிகள் இவற்றைப் பிரித்தே வைத்திருக்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனால் செய்தியில் என்ன குறைகிறது என்று கேட்கலாம். 2018இல் கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் மணிகா பத்ரா, அப்போது உலகத் தரவரிசையில் நான்காவது இடத்தில் இருந்த சிங்கப்பூரின் ஃபெங் தியான்வெய்யை அணி இறுதியாட்டத்தில் வென்றார். ஒற்றையர் தங்கத்தையும் வென்றார். அவர் பின்கைப் (பேக்ஹேண்ட்) பக்கத்தில் ஒட்டியிருந்தது நீளக் குமிழ் ரப்பர். ஆட்டத்தின் நடுவே பேட்டைக் கையிலேயே புரட்டி எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று எதிராளியைத் தடுமாறச் செய்தார். 2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக அணிப் போட்டியில் அய்ஹிகா முகர்ஜி, அப்போது உலகின் முதல் நிலை ஆட்டக்காரராக இருந்த சீனாவின் சுன் யிங்ஷாவை வீழ்த்தினார். அவர் பின்கையில் இருந்தது ஆன்ட்டி. இரண்டு வெற்றிகளுக்கும் பின்னாலிருந்த பொருள் ஒன்றன்று, அவை பந்துக்குச் செய்வதும் ஒன்றன்று. இரண்டையும் ‘சிறப்பு மட்டை’ என்றோ ‘வித்தியாசமான ரப்பர்’ என்றோ எழுதினால், அந்த வீராங்கனைகள் ஏதோ தந்திரக் கருவியால் வென்றார்கள் என்ற எண்ணம் வாசகரிடம் தங்கிவிடுகிறது. உண்மையில் இந்த ரப்பர்கள் எல்லாம் சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலில் உள்ளவை. எந்தக் கடையிலும் எவரும் வாங்கலாம். அவற்றைக் கொண்டு சர்வதேச அளவில் வெல்வதற்குத்தான் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும்.

விதியின் கண்ணிலும் இந்த வேறுபாடு பெரிது. ஒரு காலத்தில் பேட்டின் இரு பக்கமும் ஒரே நிறத்தில் இரு வேறு ரப்பர் ஒட்டி ஆடினார்கள். எது எந்தப் பக்கம் என்று எதிராளிக்குத் தெரியாது. அதை ஒழிக்கத்தான் 1986 முதல் ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் கறுப்பு என்று கட்டாயமாக்கினார்கள். 2021 அக்டோபர் முதல் கறுப்பு ஒரு பக்கம் இருக்க, மறுபக்கத்தில் சிவப்போடு பச்சை, நீலம், ஊதா, இளஞ்சிவப்பு ஆகியவற்றையும் அனுமதிக்கிறார்கள். ஆட்டம் தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தன் பேட்டை எதிராளியிடமும் நடுவரிடமும் காட்டிப் பார்க்கவிட வேண்டும் என்பதும் விதி. மாவட்டப் போட்டிகளில் நான் பார்த்தவரை, பிள்ளைகள் பேட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, விரலால் தடவிக்கூடப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். கறுப்புப் பக்கம் ஆன்ட்டியா சாதாரண ரப்பரா என்று கேட்பதற்கு அவர்களிடம் சொல்லும் இல்லை. பிறகு முதல் செட் முழுவதும் பந்து ஏன் வலையில் விழுகிறது என்று பயிற்சியாளரைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஸ்பாஞ்சைப் பற்றிச் சொல்லும்போது நம் நாட்டுக்கு இதில் ஓர் இடம் உண்டு என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். 1952இல் பம்பாயில் நடந்த உலகப் போட்டியில் ஹிரோஜி சாத்தோ என்ற ஜப்பானியர், குமிழ் ரப்பரே இல்லாமல் தடித்த ஸ்பாஞ்சை மட்டும் ஒட்டிய பேட்டால் ஒற்றையர் பட்டத்தை வென்றார். பந்து பேட்டில் படும் ஓசை கேட்காமல் எதிராளிகள் திணறினார்கள் என்பது அந்தப் போட்டியைப் பற்றிச் சொல்லாதவர் இல்லாத செய்தி. அதன் பின் வந்த பூசலெல்லாம் 1959இல் தடிமனுக்கு வரம்பு வைத்த பிறகே அடங்கியது. என் சிறுவயதில் மூத்த ஆட்டக்காரர்கள் சாண்ட்விச் ரப்பர் ஒட்டியதையும் ‘ஸ்பாஞ்ச் பேட்’ என்றே சொல்வார்கள். வெறும் ஸ்பாஞ்ச் தடைப்பட்டு எத்தனையோ காலம் ஆன பிறகும் பெயர் போகவில்லை.

இன்றைக்குச் சொற்களைவிட எண்களே அதிகம் குழப்புகின்றன என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஸ்பாஞ்சின் கடினத்தைப் பாகையில் எழுதுகிறார்கள். ஜெர்மனியில் தயாராகும் பல ரப்பர்களில் 47.5 என்று இருக்கும். ஜப்பானின் பட்டர்ஃப்ளை நிறுவனத்தின் டெனர்ஜி 05க்கு 36. சீனத்தின் டிஎச்எஸ் நிறுவனத்தின் ஹரிக்கேன் 3க்கு 39, 40, 41. எண்ணை மட்டும் பார்ப்பவர் ஜெர்மன் ரப்பர்தான் மிகக் கடினம், ஜப்பானியது மிக மென்மை என்று முடிவு கட்டுவார். மூவரும் அளக்கும் அளவுகோல் வேறு. ஜப்பானிய 36 ஜெர்மனியின் 47.5க்கு அருகில் வரும். சீன 39 இரண்டையும்விடக் கடினமானது. தடிமனிலும் இதே கதை: ஐரோப்பியர் 1.8, 2.0 என்று மில்லிமீட்டரில் எழுத, ஜப்பானியக் கடைகளில் ‘அட்சு’, ‘தொக்குஅட்சு’ என்று தடித்தது, மிகத் தடித்தது எனச் சொல்லால் எழுதுகிறார்கள். நிறுவனத்தின் பெயரைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வதால் பயன் இல்லை என்பதை இளம் ஆட்டக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும்.

பசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஆட்டக்காரர்கள் ரப்பர் ஒட்டும் பசையை ‘சொல்யூஷன்’ என்பார்கள், சைக்கிள் பஞ்சர் கடையில் சொல்வதைப் போலவே. அது வெறும் பெயரொற்றுமை இல்லை. ஸ்பாஞ்சை உப்ப வைத்து வேகத்தைக் கூட்டும் பழக்கம் ஐரோப்பாவில் சைக்கிள் டியூப் ஒட்டும் பசையிலிருந்தே பரவியது. 2008 செப்டம்பர் முதல் ஆவியாகும் கரைப்பான் உள்ள பசைகள் தடை செய்யப்பட்டுவிட்டன. இப்போது நீரில் கரையும் பசைதான். ‘சொல்யூஷன் போட்டு ஒட்டு’ என்று வீட்டுப் பெரியவர் சொல்வதை நம்பி உண்மையாகவே சைக்கிள் கடைப் பசையை எடுத்துவிட்டால், பேட் பரிசோதனை நடக்கும் போட்டியில் அந்தப் பிள்ளை வெளியே நிற்க நேரிடும்.

பந்திலோ நேர்மாறான வேடிக்கை. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் 38 மில்லிமீட்டர் பந்து 40 மில்லிமீட்டர் ஆனதைச் செய்தியாகச் சொல்வது எளிதாக இருந்தது. 2014இல் செல்லுலாய்டை விட்டுப் பிளாஸ்டிக்குக்கு மாறியபோது, பலரும் ‘முன்பும் பிளாஸ்டிக் பந்துதானே?’ என்று கேட்டார்கள். நம் பேச்சில் செல்லுலாய்டுக்கும் பிளாஸ்டிக் என்றே பெயர். சுழற்சி குறைந்ததையும், பந்து மேசையில் எழும் விதம் மாறியதையும் ஆடியவர்கள் கையில் உணர்ந்தார்கள். படித்தவர்களுக்கு அது செய்தியாகவே படவில்லை. எளிதில் தீப்பற்றும் பழைய பந்து, அவ்வளவு எளிதில் தீப்பற்றாத புதிய பந்து என்று ஒரு தொடர் சேர்த்திருந்தால் போதும். மேசையைக் கல்லூரி விடுதிகளில் ‘டி.டி. போர்டு’ என்பதையும் சிலர் திருத்த முனைகிறார்கள். கேரம் போர்டோடு ஒரே அறையில் கிடந்ததால் ஒட்டிக்கொண்ட பெயராக இருக்கலாம். 2.74 மீட்டர் நீளமும் 1.525 மீட்டர் அகலமும் உள்ள அந்தப் பொருளை எவரும் வேறொன்றாக நினைக்கப்போவதில்லை; அதை விட்டுவிடலாம்.

ஆகவே தங்கள் விளையாட்டுப் பிரிவுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. மட்டை, பேட் ஆகியவற்றுள் செய்தியாளர் எதை எழுதினாலும் இருக்கட்டும். கொழும்பிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் செய்தியில் அந்த ஊர்ச் சொல் இருந்தால் அதையும் மாற்ற வேண்டாம். ஆனால் ஒருவருடைய ஆட்டத்தைப் பற்றி எழுதும்போது அவர் முன்கையிலும் பின்கையிலும் என்ன ரப்பர் ஒட்டியிருக்கிறார் என்பதை ஒரு வரியில் சேர்க்கலாம். சர்வதேசக் கூட்டமைப்பின் அங்கீகாரப் பட்டியலே எல்லா ரப்பர்களையும் உள், வெளி, நீளம், ஆன்ட்டி என்று நான்கே வகையாகப் பிரிக்கிறது. வழவழப்பான ரப்பர், குட்டைக் குமிழ், நீளக் குமிழ், ஆன்ட்டி என்று நாமும் எழுதிவிடலாம். இவற்றுள் ஆட்டக்காரருக்கோ வாசகருக்கோ அகராதி தேவைப்படும் சொல் ஒன்றும் இல்லை. ‘பின்கையில் நீளக் குமிழ் ரப்பர் ஒட்டி ஆடும் மணிகா’ என்பதற்குத் தலைப்பில் இடம் இல்லாவிட்டாலும், முதல் பத்தியில் கட்டாயம் இருக்கும். ‘பிம்பிள்ஸ்’ என்ற சொல்லையே வைத்துக்கொள்ள விரும்பினால் அதற்கும் தடையில்லை. குட்டையா நீளமா என்பதை மட்டும் அதன் முன் சேர்த்துவிடுங்கள்.

பள்ளி மாணவர்களுக்கான தங்கள் இணைப்பிதழில் பேட்டின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றை வெளியிட்டால் மிகவும் பயன்படும். நடுவில் மரம், அதன் இருபுறமும் ஸ்பாஞ்ச், அதற்கு மேல் ஒரு பக்கம் உள்நோக்கிய குமிழும் மறுபக்கம் வெளிநோக்கிய குமிழுமாக வரைந்து, பக்கத்தில் விதி வைத்துள்ள மில்லிமீட்டர் வரம்புகளையும் குறித்தால், எங்கள் மன்றத்தின் அறிவிப்புப் பலகையில் அதனை ஒட்டிவைக்க ஆவலோடு இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
திருச்சிராப்பள்ளி.